ஜிஎஸ்டின்னா வரி இல்லீங்க: என்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்விங்க

எனக்கு 29 வயசு. வீடு பெரம்பூர், வேலை கிண்டில ஒரு கம்பெனில அக்கவுண்ட்ஸ், இப்ப ஒரு வருஷமா சைதாப்பேட்டைல ஃப்ரெண்டு கூட ரூம் எடுத்து இருக்கேன். ரெண்டு வயசுல கண்டுபிடிச்சாங்க, க்ளைகோஜன் ஸ்டோரேஜ் டிசீஸ் டைப் 1ஏ, சுருக்கமா ஜிஎஸ்டி. 2017 ஜூலைல வரி வந்தப்புறம் இத வெளில சொல்றதே காமெடி ஆயிடுச்சு, "உனக்கு எத்தன பர்சென்ட்மா"ன்னு கேக்காத ஆளே இல்ல. இதுல நான் வேலை பாக்குறதே அந்த ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுற சீட்டுல.

மருந்து மாத்திரை எல்லாம் டாக்டர் சொல்லிடுவாங்க. ஆனா புதுசா குழந்தைக்கு இது இருக்குன்னு தெரிஞ்ச அம்மாங்க, என் சொந்தக்காரங்க, ஆபீஸ்ல பக்கத்து சீட்டு ஆளுங்க எல்லாரும் கேக்குறது வேற மாதிரி கேள்விங்க. அதுக்கு டாக்டர் ரூம்ல டைம் இருக்காது, அதான் இங்க ஒரே இடத்துல எழுதி வெக்கிறேன்.

முதல்ல இது என்ன வியாதி? சுகரா?

சுகர் இல்லீங்க, கிட்டத்தட்ட அதுக்கு நேர் எதிர். நாம சாப்பிடுற சோறு, இட்லி எல்லாம் க்ளூகோஸா மாறி, மிச்சம் ஈரல்ல க்ளைகோஜனா சேந்துக்கும், அப்புறம் வயிறு காலியா இருக்குற நேரத்துல ஈரல் அத கொஞ்சம் கொஞ்சமா உடைச்சு ரத்தத்துல விடும். அந்த கடைசி ஸ்டெப்புக்கு க்ளூகோஸ்-6-பாஸ்பட்டேஸ்னு ஒரு என்சைம் வேணும், எனக்கு அது வேலை செய்யாது. பரண் மேல அரிசி மூட்டை அடுக்கி இருக்கு, கீழ உலை கொதிக்குது, ஏறி எடுக்க ஏணி இல்ல. மூட்டை மட்டும் ஏறிக்கிட்டே போகும், அதான் ஈரல் வீங்கி வயிறு முன்னாடி தள்ளும். லாக்டிக் ஆசிட், யூரிக் ஆசிட், ரத்தத்துல கொழுப்பு எல்லாம் கூடவே ஏறும். சாப்பிட்டு சில மணி நேரத்துல சுகர் படார்னு இறங்கிடும், ரொம்ப இறங்கினா ஃபிட்ஸ் வரும், உயிருக்கே ஆபத்து.

லட்சம் குழந்தைல ஒண்ணுக்கு வரும்னு சொல்லுவாங்க. சின்ன வயசுல "லட்சத்துல ஒருத்திடி நீ"ன்னு அப்பா பெருமையா சொல்லுவாரு, ரொம்ப நாள் நான் ஏதோ பரிசு விழுந்திருக்குன்னு நெனச்சிட்டு இருந்தேன்.

இன்னொரு சிக்கல், சர்க்கரை, வெல்லம், தேன், பழம், பால் இதுல இருக்குற ஃப்ரக்டோஸையும் கேலக்டோஸையும் என் உடம்பால க்ளூகோஸா மாத்தி வெளிய விட முடியாது, எல்லாம் லாக்டிக் ஆசிட் பக்கம் போயிடும். அதனால இனிப்பு இல்ல, வாழைப்பழம் இல்ல, பால் ரொம்பக் கம்மி. தயிர் சாதம் அளந்துதான். தமிழ்நாட்டுல பொறந்துட்டு தயிர் சாதத்த அளந்து சாப்பிடுறது என்ன கொடுமைன்னு யோசிச்சு பாருங்க.

வெறும் கார்ன்ஃப்ளார் குடிச்சா போதும்ங்கிறாங்களே, நெஜமா?

நெஜம்தான். பச்ச கார்ன்ஃப்ளார், பச்சத் தண்ணில கலக்கி குடிக்கணும். மெதுவா செரிக்கும், நாலு அஞ்சு மணி நேரத்துக்கு கொஞ்சம் கொஞ்சமா க்ளூகோஸ் விட்டுக்கிட்டே இருக்கும். சூடு பண்ணா போச்சு, உடனே செரிச்சு வேலைக்கு ஆகாது. 1984-ல தான் இத ஒரு வைத்தியமா எழுதி வெளியிட்டாங்க, அதுக்கு முன்னாடி ராத்திரி பூரா மூக்கு வழியா ட்யூப் போட்டு க்ளூகோஸ் ஏத்துறதுதான் வழி. நான் பொறந்தது 1996. ஒரு இருபது வருஷம் முன்னாடி பொறந்திருந்தா என்னன்னு அப்பப்போ தோணும், தோணினா அந்த டம்ளர கொஞ்சம் மரியாதையா பாப்பேன்.

எனக்கு ஒரு வேளைக்கு 75 கிராம் கிட்ட, அது என் எடைக்கும் என் டெஸ்ட் ரிப்போர்ட்டுக்கும் டாக்டர் போட்ட கணக்கு, உங்க குழந்தைக்கு உங்க டாக்டர் சொல்றதுதான். கடைல கேக்கும்போது மட்டும் உஷார். மக்காச்சோள மாவுன்னு மஞ்சளா ஒண்ணு ரொட்டிக்கு தருவாங்க, அது இது இல்ல. ஒரு தடவ என் சித்தி ஆசையா அரை கிலோ வாங்கிட்டு வந்தாங்க, பிரிச்சா கஸ்டர்ட் பவுடர். "ரெண்டும் ஒண்ணுதானடி, இதுல வாசனை வேற இருக்கு"ன்னாங்க.

டேஸ்ட் கேக்குறீங்களா? சுவத்துக்கு அடிக்கிற சுண்ணாம்ப கரைச்ச மாதிரி இருக்கும். கடைசி வாய்ல அடில தங்கின மாவு வரும் பாருங்க, அத விரலால வழிச்சு நக்கணும், ஏன்னா அதுவும் கணக்குல சேத்தி. அப்புறம் வாயுத் தொல்லை. இத யாரும் எழுத மாட்டாங்க, நான் எழுதுறேன். காலேஜ்ல ஏசி க்ளாஸ்ரூம்ல கடைசி பெஞ்ச்ல ஜன்னல் ஓரமா மூணு வருஷம் உக்காந்ததுக்கு காரணம் படிப்புல ஆர்வம் இல்லாதது இல்ல.

ராத்திரி எழுந்திரிக்கலன்னா என்ன ஆகும்?

இந்த கேள்விய யாரும் என்கிட்ட கேக்க வேண்டியதில்ல, நானே தினமும் பத்தரைக்கு டோஸ் குடிச்சிட்டு படுக்கும்போது கேட்டுக்குவேன். அடுத்தது மூணு மணிக்கு, அப்புறம் ஏழரைக்கு.

மத்தவங்களுக்கு தூக்கம்னா ரெஸ்ட், எனக்கு அது ஒரு ரிஸ்க். கண்ண மூடும்போது உள்ள ஒருத்தி முழிச்சிட்டே இருப்பா. அலாரம் அடிக்கறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடியே பல நாள் எழுந்துடுவேன், எழுந்து ஃபோன பாத்து "ஓ இன்னும் இருக்கு"ன்னு அந்த அஞ்சு நிமிஷத்துக்கு திரும்ப படுக்க பயந்துட்டு உக்காந்திருப்பேன். கனவுல கூட அலாரம் அடிக்கும். ஒரு தடவ கனவுலயே எழுந்து மாவு கலக்கி குடிச்சிட்டேன், நல்லவேளை கனவுல தண்ணி சூடா இருந்துச்சு, சூடா இருக்கக்கூடாதேன்னு பதறி முழிச்சேன், மணி மூணேகால்.

இதுல எனக்கு ஒரு பங்குதான், மீதி அம்மாவோடது. பதினெட்டு வருஷம் அம்மா ஒரு ராத்திரி கூட முழுசா தூங்கல. சின்ன வயசுல ரெண்டு தடவ எழுந்திருப்பாங்க, விரல்ல குத்தி சுகர் பாத்து, தூக்கத்துலயே என்ன உக்கார வெச்சு கன்னத்த தட்டித் தட்டி குடிக்க வெப்பாங்க, நான் பாதி துப்புவேன், துப்பினது எவ்ளோன்னு டவல்ல பாத்து குத்துமதிப்பா திரும்ப கலக்கி குடுப்பாங்க. காலைல ஆறு மணிக்கு இட்லிக் குண்டான் வெச்சாகணும், தம்பிய கிளப்பணும். அம்மாவுக்கு பிபி வந்தது 38 வயசுல. அதுக்கு நான் காரணமான்னு டாக்டர் கிட்ட ஒரு தடவ கேட்டேன், அவங்க சிரிச்சு மழுப்பிட்டாங்க. நான் இல்லன்னு நீங்களும் சொல்லுவீங்க. ஆனா புள்ளைங்களுக்கு கணக்கு தெரியும்ங்க, யாரோட தூக்கத்துல நாம வளந்தோம்னு தெரியும்.

அதனால புதுசா இந்த நியூஸ் கேட்டு வந்திருக்குற அப்பா அம்மாங்களுக்கு நான் முதல்ல சொல்றது, ரெண்டு பேரும் முறை போட்டுக்கங்க, வாரத்துல ரெண்டு நாளாவது அப்பா எழுந்திரிக்கட்டும். எங்க அப்பா பகல்ல தங்கமான மனுஷன், ராத்திரில கும்பகர்ணன்.

திடீர் திடீர்னு எரிஞ்சு விழுறியே, ஏன்?

சுகர் லோ ஆகும்போது கோவம்தான் முதல்ல வரும். வியர்வை, நடுக்கம், பேச்சு கொழர்றது எல்லாம் அப்புறம். மூளைக்கு க்ளூகோஸ் கம்மி ஆகும்போது அது முதல்ல கழட்டி விடுறது பொறுமையத்தான் போல.

ஆனா இதுல ஒரு வினோதமான வேதனை இருக்கு, அத மட்டும் சொல்லிடுறேன். நான் நியாயமா கோவப்பட்டாலும் வீட்ல "சுகர் செக் பண்ணு"ம்பாங்க. பத்தாவது படிக்கும்போது தம்பி என் டைரிய எடுத்து படிச்சிட்டான், நான் கத்துறேன், அம்மா மீட்டர் எடுத்துட்டு ஓடி வராங்க. குத்தி பாத்தா 96. "நார்மலாதானே இருக்கு, அப்புறம் ஏன் கத்துற?" என் கோவத்துக்கு ரசீது கேட்டாங்க அன்னிக்கு. அதுலேர்ந்து எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, ஆபீஸ்ல யார் மேலயாவது கடுப்பானா, இது நானா இல்ல சுகரான்னு ஒரு செகண்ட் யோசிப்பேன். அந்த ஒரு செகண்ட்ல எதிராளி தப்பிச்சு போயிடுவான்.

ஒரு வாய் சாப்பிட்டா என்ன ஆயிடப் போகுது?

இந்த ஒரு கேள்விக்காகவே தனியா பக்கம் எழுதலாம். நம்ம ஊர்ல பாசம்னா சாப்பாடுதான். வந்தவங்க கைல ஒரு ஸ்வீட்டு குடுக்கலன்னா குடுக்குறவங்களுக்கு மனசு ஆறாது, வாங்கலன்னா "என்ன, எங்க வீட்ல கை நனைக்க மாட்டியா"ன்னு வரும். பொங்கலுக்கு சர்க்கரைப் பொங்கல், கோயில்ல பஞ்சாமிர்தம், கல்யாணத்துல இலைல முதல்ல வைக்கிறதே ஸ்வீட்டு, ராமநவமிக்கு பானகம், பொறந்தநாளுக்கு க்ளாஸ்ல சாக்லேட். ஒவ்வொண்ணுக்கும் "இல்ல, எனக்கு ஆகாது"ன்னு சொல்லணும், சொன்னா "என்ன ஆச்சு"ம்பாங்க, சொன்னா "ஐயோ பாவம்"பாங்க, அப்புறம் உடனே "ஒரு வாய் தான, சாமி பிரசாதம், ஒண்ணும் ஆகாது".

ஒரு வாய்ல செத்துட மாட்டேன், அது உண்மை. ஆனா எல்லாரும் ஒரு வாய் குடுத்தா அது எத்தன வாய்? சின்னப் புள்ளைக்கு அந்தக் கணக்கு தெரியாது. எங்க பெரியம்மா ஒருத்தங்க எனக்கு அஞ்சு வயசுல அம்மா அந்தப் பக்கம் போனதும் ஒரு மைசூர்பாக வாய்ல திணிச்சு, "அம்மா கிட்ட சொல்லாத"ன்னாங்க. அன்னிக்கு ராத்திரி நான் மூச்சு வாங்கினேன், அம்மா விடிய விடிய காரணம் தெரியாம தவிச்சாங்க, நான் சொல்லல. ஏன்னா சொல்லாதன்னு சொல்லி இருந்தாங்க. அதுல எனக்கு ஞாபகம் இருக்குறது மூச்சு வாங்கினது இல்ல, அந்த மைசூர்பாகு ருசியா இருந்ததும், அதுக்காக நான் அம்மாவ ஏமாத்திட்டேன்னு படுத்துட்டே அழுததும்தான்.

சொந்தக்காரங்க யாராவது இத படிச்சா, குழந்தைக்கு ரகசியமா எதுவும் குடுக்காதீங்க ப்ளீஸ். குடுத்தே ஆகணும்னா முறுக்கு குடுங்க, சர்க்கரை போடாத தட்டை குடுங்க. எங்க ஆயா தீபாவளிக்கு எனக்குன்னு தனியா ஒரு டப்பா காராசேவு போட்டு, மேல என் பேர எழுதி வெப்பாங்க. வேற யாரும் அதுல கை வெக்கக் கூடாது. ஒரு டப்பாதான், ஆனா அந்த வீட்ல எனக்கும் தீபாவளி இருக்குன்னு அந்த டப்பா சொல்லும்.

ஸ்கூல்ல எப்படி சமாளிச்ச?

வயிறு முன்னாடி, கன்னம் ரெண்டும் பொம்மை மாதிரி உப்பி, உயரம் கம்மி. அசெம்ப்ளில எப்பவும் முதல் ஆள். ஆறாவது படிக்கும்போது ரெண்டாவது பீரியட் முடிஞ்சதும் வெள்ளையா எதையோ குடிப்பேன், அதனால பேரு "கஞ்சி". இப்பவும் ஸ்கூல் வாட்ஸப் க்ரூப்ல என் நம்பர் ரெண்டு பேர் ஃபோன்ல "கஞ்சி"ன்னு தான் சேவ் ஆகி இருக்கு, இப்ப அது ஒரு மாதிரி பிடிச்சிருக்கு, அப்ப பிடிக்கல.

கேலிய விட மோசமானது பயந்து ஒதுக்குறது. ஒரு தடவ க்ளாஸ்ல ஃபிட்ஸ் வந்தது, அதுக்கப்புறம் பக்கத்துல உக்காந்திருந்த பொண்ணு இடம் மாறிட்டா, அவங்க அம்மா சொல்லிட்டாங்களாம், ஒட்டிக்கும்னு. இது பரம்பரைல வர்றது, தும்மல்ல வர்றது இல்லன்னு எட்டாவது படிக்குற ஒரு பொண்ணு எத்தன பேருக்கு விளக்கும்? அன்னிக்கு எங்க பயாலஜி மிஸ் ஒரு நல்ல காரியம் பண்ணாங்க, என்ன நிக்க வெச்சு பரிதாபமா பேசாம, போர்டுல ஈரல் படம் போட்டு மொத்த க்ளாஸுக்கும் பாடமா நடத்திட்டாங்க, என் பேரே வரல. அடுத்த நாள் நாலு பேர் "மாவு எப்படி இருக்கும்"னு கேட்டு டேஸ்ட் பாத்துட்டு துப்பினாங்க. அப்புறம் பிரச்சனையே இல்ல.

எக்ஸாம் ஹால்ல டோஸ் எடுக்கணும்னா டாக்டர் லெட்டர முன்னாடியே ஸ்கூல்ல குடுத்து எழுத்துல பர்மிஷன் வாங்கி வெச்சுக்கங்க. ஹால்ல போய் பேசிக்கலாம்னு இருந்தா, அங்க இருக்குறவருக்கு நீங்க டம்ளர்ல பிட் கொண்டு வந்த மாதிரிதான் தெரியும்.

என் பொண்ணுக்கு 15 வயசு, டோஸ் எடுத்தேன்னு பொய் சொல்றா. என்ன பண்றது?

நானும் சொல்லி இருக்கேன். பதினாறு வயசுல ஒரு மாசம் காலேல டோஸ வாஷ்பேசின்ல ஊத்தினேன். காரணம் பெருசா ஒண்ணும் இல்ல, மத்த பொண்ணுங்க மாதிரி பைல மாவு டப்பா இல்லாம ஒரு நாள் போகணும்னு ஆசை, ஒரு நாள் ஒண்ணும் ஆகல, ரெண்டாவது நாளும் ஆகல. பதினாலாவது நாளோ என்னவோ பஸ் ஸ்டாப்ல உக்காந்துட்டேன், எழுந்திரிக்க முடியல.

அம்மா அடிச்சாங்க, அழுதாங்க, ரெண்டும் வேலைக்கு ஆகல. வேலைக்கு ஆனது என்னன்னா, அடுத்த செக்கப்புல டாக்டர் அம்மாவ வெளில உக்கார சொல்லிட்டு என்கிட்ட தனியா பேசினாங்க. ரிப்போர்ட்ட என் கைல குடுத்து, இந்த நம்பர் ஏன் ஏறி இருக்கு, இப்படியே போனா கிட்னிக்கு என்ன ஆகும், ஈரல்ல கட்டி எப்படி வரும்னு பெரியவங்க கிட்ட பேசுற மாதிரி பேசினாங்க. அது வரைக்கும் அது அம்மாவோட வியாதி, அவங்க பாத்துக்குவாங்கன்னு இருந்தேன். உங்க பொண்ணு கிட்ட மீட்டரையும் டைரியையும் குடுங்க, எழுதாம விட்டா கூட கொஞ்ச நாள் பல்ல கடிச்சுட்டு இருங்க. தினமும் "குடிச்சியா குடிச்சியா"ன்னு கேட்டா பொய்தான் வரும். அதுக்குன்னு கண்ண மூடிக்காதீங்க, மூணு மாச ரத்த டெஸ்ட் பொய் சொல்லாது.

சொந்தத்துல கட்டினதாலதான் வந்துச்சா? யார் மேல தப்பு?

எங்க அம்மா கட்டிக்கிட்டது சொந்தத் தாய்மாமன. அதாவது எங்க ஆயா தன் பொண்ண தன் தம்பிக்கே குடுத்தாங்க. தமிழ்நாட்டுல இது ஒண்ணும் அதிசயம் இல்லன்னு உங்களுக்கே தெரியும். அப்பா அம்மா ரெண்டு பேர் கிட்டயும் ஒரே ஜீன்ல ஒரு பழுது இருந்தா, ஒவ்வொரு குழந்தைக்கும் நாலுல ஒரு பங்கு வாய்ப்பு, வியாதியோட பொறக்க. அவங்க ரெண்டு பேரும் நல்லாத்தான் இருப்பாங்க, அவங்களுக்கே தெரியாது. சொந்தத்துல கட்டும்போது ஒரே பழுது ரெண்டு பக்கமும் இருக்குற வாய்ப்பு கூடுது, அவ்ளோதான். அசலூர்ல, வேற ஜாதில கட்டினவங்களுக்கும் இந்த வியாதியோட குழந்தை பொறந்திருக்கு.

ஆனா வீட்ல இது சயின்ஸா இறங்காது, பழியா இறங்கும். முதல்ல குலதெய்வ குத்தம்னாங்க, அப்புறம் அம்மா கர்ப்பத்துல கிரகணம் பாத்தான்னாங்க. ஜெனடிக் டெஸ்ட் எடுத்தது நான் காலேஜ் படிக்கும்போது. ரிசல்ட்ட எல்லார் முன்னாடியும் அப்பா படிச்சிட்டாரு. ஆயா ஒண்ணும் பேசல, முறத்துல அரிசி புடைச்சிட்டு இருந்தாங்க, புடைச்சிட்டே இருந்தாங்க, அரிசில ஒண்ணும் இல்ல, எப்பவோ சுத்தமாயிடுச்சு. ராத்திரி என் பக்கத்துல வந்து படுத்து, "வெளிய குடுத்தா என் பொண்ணு கஷ்டப்படுவாளேன்னுதான்டி என் தம்பிக்கு கட்டி வெச்சேன்"ன்னாங்க. நான் என்ன சொல்ல முடியும், "நீ கட்டி வெக்கலன்னா நான் பொறந்தே இருக்க மாட்டேன் ஆயா"ன்னேன். அதுக்கு சிரிச்சாங்களா அழுதாங்களான்னு இருட்டுல தெரியல.

அடுத்த குழந்தை வேணும்னு இருக்குறவங்க ஜெனடிக் கவுன்சலிங் போங்க, முன்கூட்டியே பாக்க வழி இருக்கு. பழி பேசுறதுக்கு ஆகுற நேரத்துல அது முடிஞ்சிடும்.

கூடப் பொறந்தவங்களுக்கு எப்படி இருக்கும்?

தம்பிக்கு இல்ல. ஆனா வீட்ல நான் சாப்பிட முடியாதத யாரும் வெளிப்படையா சாப்பிடக் கூடாதுன்னு அம்மா ஒரு சட்டம் போட்டு வெச்சிருந்தாங்க. ஒரு நாள் அவன் ஸ்கூல் பைல ஜாமெட்ரி பாக்ஸ் தேடினேன், உள்ள மடிச்சு மடிச்சு வெச்ச ஜாங்கிரி பேப்பர், எண்ணெய் ஊறி. அவனுக்கு அப்ப ஒன்பது வயசு, மொட்டைமாடில தண்ணி டேங்குக்கு பின்னாடி நின்னு தின்னுட்டு வாய கழுவிட்டு வருவானாம். நான் அம்மா கிட்ட போய் சண்டை போட்டு அந்தச் சட்டத்த தூக்க வெச்சேன். அவன் முதல் நாள் என் முன்னாடி லட்டு சாப்பிடும்போது என்னையே பாத்துட்டு இருந்தான், பாவம், ருசிச்சிருக்கவே மாட்டான்.

அவனும் கேரியரா இருக்கலாம், அதாவது வியாதி இருக்காது, ஜீன்ல அந்தப் பழுது மட்டும் ஒரு பக்கம் இருக்கும். கல்யாணத்துக்கு முன்னாடி டெஸ்ட் எடுத்துக்கடான்னு சொல்லி இருக்கேன், "பாத்துக்கலாம்"னு நழுவுறான்.

கல்யாணம்?

வந்துச்சு, இந்த கேள்வி இல்லாம எப்படி.

மறைச்சு பண்ணிடலாம்னு ஒரு கோஷ்டி, "அப்புறம் சொல்லிக்கலாம், தாலி ஏறிட்டா சரியாயிடும்". மூணு மணிக்கு அலாரம் அடிக்கிற பொண்டாட்டிய எத்தன நாள் மறைக்கிறது? ரெண்டு வரன் சொன்னதும் போயிடுச்சு, மூணாவது பையன் ரொம்ப தன்மையா பேசினான், அவங்க அம்மா மட்டும் "குழந்தைக்கு வருமா"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான். பையன் கேரியரா இல்லன்னா குழந்தைக்கு இந்த வியாதி வராது, குழந்தை கேரியரா மட்டும் இருக்கும். பையனும் கேரியரா இருந்தா பாதிக்கு பாதி. இந்த வியாதியோட குழந்தை பெத்தவங்க இருக்காங்க, கர்ப்ப காலம் பூரா டோஸ கூட்டி குறைச்சு கூடவே கவனிக்கணும். இதெல்லாம் நான் சொன்னேன், பையன டெஸ்ட் எடுக்க சொன்னதுதான் அவங்களுக்கு கௌரவக் குறைச்சலா போச்சு. அதோட அந்தக் கதை முடிஞ்சது.

இப்ப தேடல. ஒருத்தர் கூட பேசிட்டு இருக்கேன், அத பத்தி இங்க வேண்டாம்.

வேலை, இன்சூரன்ஸ், அரசாங்க உதவி?

நைட் ஷிஃப்ட் வேலைய விட்டு தள்ளியே இருங்க, பகல் வேலைல ஒரு ஆள் கிட்டயாவது விஷயத்த சொல்லி வெச்சுக்கங்க. ஊனமுற்றோர் சர்டிபிகேட் கேக்குறவங்களுக்கு, 2016 சட்டத்துல இருக்குற 21 வகைல மெட்டபாலிக் வியாதின்னு தனியா ஒண்ணு இல்ல. பாக்க நல்லாத்தான் இருக்கோம், அதான் எங்க பிரச்சனையே, பஸ்ல லோ ஆகி சீட்டு கேட்டா "வயசுப் பொண்ணு, நிக்க முடியாதா"ம்பாங்க.

அரிய வியாதிகளுக்கு 2021-ல ஒரு தேசியக் கொள்கை கொண்டு வந்தாங்க, 2022-ல உதவித் தொகைய 50 லட்சம் வரைக்கும்னு ஏத்தினாங்க, அதுக்குன்னு ஒதுக்கின ஆஸ்பத்திரிங்க மூலமாதான் கிடைக்கும். ஜிஎஸ்டி அதுல ஈரல் மாத்து ஆபரேஷன் தேவைப்படுற நெலமைக்கு தான் வருது, தினசரி மாவுக்கும் சுகர் பாக்குற ஸ்ட்ரிப்புக்கும் நம்ம பர்ஸ்தான். பரம்பரை வியாதின்னு சொல்லி ஒட்டுமொத்தமா க்ளெய்ம மறுக்குறது பாரபட்சம்னு 2018-ல டெல்லி ஹைகோர்ட் தீர்ப்பு குடுத்திருக்கு, ஏஜென்ட் கிட்ட பேசும்போது ஞாபகம் வெச்சுக்கங்க.

எமர்ஜென்சின்னா என்ன பண்ணணும்?

வாந்தி வந்தா மாவு நிக்காது, அது எங்களுக்கு எமர்ஜென்சி. சாதா ஃபுட் பாய்சன்னு வீட்ல உக்காராம நேரா ஆஸ்பத்திரி. பைல எப்பவும் ஒரு லெட்டர் லேமினேட் பண்ணி வெச்சிருக்கேன், டாக்டர் கையெழுத்தோட: 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், அதாவது க்ளூகோஸ் ட்ரிப், உடனே ஏத்தணும், ரிங்கர் லாக்டேட்ங்கிற ட்ரிப் வேண்டாம், சுகர் ஏத்தப் போடுற க்ளூககான் ஊசி வேலை செய்யாது. ஒரு ராத்திரி ஒரு ஆஸ்பத்திரி காஷுவாலிட்டில, எந்த ஆஸ்பத்திரின்னு வேண்டாம், "உங்களுக்கு சுகர்ங்குறீங்க, அப்புறம் க்ளூகோஸ் ஏத்த சொல்றீங்க"ன்னு ஒருத்தர் கேட்டாரு. பேச நாக்கு கொழருது எனக்கு, லெட்டர நீட்டினேன். லெட்டர் பேசுச்சு.

ரூம்மேட் கிட்ட நான் சொல்லி வெச்சது மூணே விஷயம். முழிப்பு இருந்தா ப்ளெயின் க்ளூகோஸ் பொடி தண்ணில, சர்க்கரையோ ஜூஸோ இல்ல. முழிப்பு இல்லன்னா வாய்ல எதுவும் ஊத்தாம ஒருக்களிச்சு படுக்க வெச்சு 108. அழக்கூடாது. மூணாவதுதான் கஷ்டம்னு சொன்னா அவ.

ஈரல் மாத்திட்டா சரியாயிடுமாமே? ஜீன் தெரபி வந்துடுச்சாமே?

ஈரல் மாத்தினா சுகர் இறங்குறது நிக்கும், ஆனா ஆயுசுக்கும் வேற மாத்திரை. கட்டி கிட்டி வந்தா யோசிக்கிறது அது. ஜீன் தெரபி வெளிநாட்டுல மூணாவது கட்ட சோதனை வரைக்கும் வந்திருக்கு. வாரம் ஒரு மாமா அந்த நியூஸ ஃபார்வர்ட் பண்றாரு. நல்ல மனசுதான் மாமா, ஆனா ஒவ்வொரு தடவையும் அத தொறந்து படிச்சிட்டு, அப்புறம் போய் மாவு கலக்கணும் நான்.

மனசு ரொம்ப இறங்கிப் போச்சுன்னா?

எனக்கு இறங்கினது இருபத்தி நாலு வயசுல, உடம்பு நல்லா கண்ட்ரோல்ல இருந்த நேரத்துல. ஆச்சரியமா இருக்கும், நம்பர் எல்லாம் சூப்பர், ஆனா எதுக்கு எழுந்திரிக்கணும்னு இருந்துச்சு. அம்மா "எல்லாம் நல்லாத்தானே இருக்கு"ன்னாங்க. ஆயுசு பூரா மணி பாத்து பாத்து அலுத்துடுச்சு, அவ்ளோதான், அதுக்கு பெருசா ஒரு சம்பவம் வேணும்னு இல்ல. ஒரு சைக்காலஜிஸ்ட் கிட்ட எட்டு மாசம் போனேன், முதல் ரெண்டு சிட்டிங் என் வியாதிய அவங்களுக்கு நான் க்ளாஸ் எடுத்ததுலயே போச்சு, காசு குடுத்து டீச்சர் வேலை. மூணாவதுலேர்ந்து உதவுச்சு. காசு இல்லன்னா, உடனே யார் கிட்டயாவது பேசணும்னா டெலி மானஸ் 14416 இருக்கு, தமிழ்ல பேசலாம், காசு கிடையாது. சும்மா அழுதுட்டு வெக்கிறதுக்கும் கூப்பிடலாம்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல எப்படி இருந்தீங்க?

எங்க தெருல முட்டி வரைக்கும் தண்ணி, ரெண்டு நாளா கரண்ட் இல்ல, ஃபோன் எல்லாம் செத்துடுச்சு. மாவுக்கு ஃப்ரிட்ஜும் வேண்டாம் அடுப்பும் வேண்டாம்ங்கிறது அன்னிக்கு தான் எவ்ளோ பெரிய விஷயம்னு தெரிஞ்சுது, பால் பாக்கெட் கிடைக்காம ஊரே அல்லாடும்போது நான் ஜம்முனு டோஸ் குடிச்சிட்டு இருந்தேன். பிரச்சனை அலாரம்தான். அம்மா பீரோ மேலேர்ந்து 1998-ல வாங்கின சாவி குடுக்குற டைம்பீஸ எடுத்தாங்க, ஓடுச்சு, ஆனா அத நம்ப அவங்களுக்கு மனசு வரல. கும்பகர்ணன்னு சொன்னேன்ல, எங்க அப்பா, அவரு அன்னிக்கு டார்ச்ச மடில வெச்சுக்கிட்டு அந்த டைம்பீஸயே பாத்துட்டு விடிய விடிய உக்காந்திருந்தாரு.

இப்ப ராத்திரி யார் எழுப்புறாங்க?

நானே. ஃபோன்ல ரெண்டு அலாரம், அந்த டைம்பீஸும் இப்ப என்கிட்டதான், ஒரு எவர்சில்வர் தட்டு மேல வெச்சிருக்கேன், அடிச்சா தட்டோட சேந்து அதிரும், ரூம்மேட் சாபம் விட்டுட்டே திரும்பி படுப்பா.

சைதாப்பேட்டை வந்த புதுசுல அம்மா தினமும் மூணு மணிக்கு கால் பண்ணாங்க. "எழுந்துட்டியா, கலக்கிட்டியா." நான்தான் ஒரு நாள் கத்திட்டேன், "நீ தூங்கும்மா, இத்தன வருஷம் முழிச்சது போதும்"னு. அப்ப சுகர் செக் பண்ணல, பண்ணி இருந்தா நார்மலாதான் இருந்திருக்கும். அதுலேர்ந்து கால் நின்னுடுச்சு, எனக்கும் நிம்மதி. ரெண்டு மாசம் கழிச்சு தம்பி சொல்றான், அம்மா இன்னும் மூணு மணிக்கு எழுந்திரிக்கிறாங்களாம், இருட்டுல உக்காந்து வாட்ஸப்ல என் லாஸ்ட் சீன பாத்துட்டு இருப்பாங்களாம், மூணு அஞ்சு மூணு பத்துன்னு மாறினதும் ஃபோன கவுத்து வெச்சிட்டு படுத்துடுவாங்களாம்.

நான் அத பத்தி அம்மா கிட்ட கேட்டதில்ல. குடிச்சு முடிச்சு, அடில இருக்குறத விரலால வழிச்சு, டம்ளர கழுவி கவுத்துட்டு, வாட்ஸப்ப ஒரு தடவ தொறந்து மூடிட்டு படுக்குறேன்.